வேன் வாங்கி ஊர் சுற்ற நினைக்கும் அப்பா, எதுவும் சொல்லாத அம்மா

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வியாசர்பாடியில் இருக்கும் அப்பா வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். கைக்கு வரும் தொகையில் ஒரு பகுதியைப் போட்டு வேன் ஒன்று வாங்கி, உள்ளே படுக்கையும் சமையல் மேடையும் வைத்து, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அம்மாவுடன் வருடம் முழுவதும் ஊர் ஊராகப் போக நினைக்கிறார். எந்த வண்டி வாங்கலாம், இது நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறோம், முட்டி வலியும் உண்டு, அவர் எதுவும் சொல்லவில்லை. என் கண்ணுக்கு அந்த வரிதான் கேள்வி. எந்த வண்டி என்பதை ஒரு நல்ல மெக்கானிக் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். அறுபதை நெருங்கும் இருவர், அதில் ஒருவர் வாயே திறக்காத நிலையில், ஆறடி அகல அறைக்குள் மாதக்கணக்கில் நிம்மதியாக இருக்க முடியுமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது.

நான் வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பர்னிஷிங் பிரிவில் இருந்தவர். பெட்டிக்குள் இருக்கை, படுக்கை, மின்விசிறி, கழிப்பறை எல்லாம் பொருத்துகிற பிரிவு அது. கொருக்குப்பேட்டையில் வீடு. ஆறு ஆண்டுகளாக, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் போல, எங்கள் வேனில் போய்வருகிறோம். உடம்பைப் பற்றி இங்கே நான் சொல்வது படித்ததும் வார்டில் பார்த்ததும், அதை நம்பலாம். வண்டியைப் பற்றிச் சொல்வது அவரிடம் கற்றது, அதையும் நம்பலாம். கணவன் மனைவி பற்றிச் சொல்வது எங்கள் இருவரை மட்டும் வைத்துச் சொல்வது. அது உங்கள் பெற்றோருக்கு அப்படியே பொருந்தும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

அந்த மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். எனக்கு மாதத்தில் பல நாள் இரவுப் பணி. அவருக்குக் காலை ஷிப்ட். நான் வீட்டுப் படியேறும்போது அவர் சைக்கிளை இறக்கிக்கொண்டிருப்பார். டிபன் டப்பாவும் சாவியும் கை மாறும், அவ்வளவுதான். அப்படியே பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமும் முடிந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு வேனில் ஏறி உட்கார்ந்தபோதுதான், ஒரு முழுப் பகலை இவருடன் நான் தனியாகக் கழித்ததே இல்லை என்பது உறைத்தது. அவர் எப்போது மௌனமாக இருப்பார், எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் எனக்குப் புதிது. உங்கள் அப்பா இத்தனை ஆண்டு காலை எட்டு மணிக்குப் போய் இரவு வருகிறவராக இருந்தால், உங்கள் அம்மாவுக்கும் இது புதிதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பயணத்தில், கடப்பா மாவட்டத்துக் கண்டிகோட்டாவுக்குப் போகும் வழியில், நான் மேடைமேல் வைத்த எவர்சில்வர் டம்ளர் ஒரு வளைவில் உருண்டு, இருக்கைகளுக்கு நடுவே ஓடி, அவர் காலடியில் பிரேக் பெடலுக்கு அருகே போய் நின்றது. அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பட்டறையில் பயிற்சிக்கு வந்த பையனைத் திட்டுவதுபோல என்னைத் திட்டினார். டம்ளர் விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. பெடலுக்கு அடியில் போயிருந்தால் இருவரும் இருந்திருக்க மாட்டோம். ஆனால் நான் ஒன்றரை நாள் பேசவில்லை. வீடாக இருந்தால் அடுத்த அறைக்குப் போயிருப்பேன், அக்கா வீட்டுக்கு நடந்திருப்பேன். வேனில் எங்கே போவது? பென்னா ஆறு மலையைப் பிளந்துகொண்டு ஓடுகிற அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில், எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் இடத்தில், நான் ஒரு பாறையிலும் அவர் ஒரு பாறையிலும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நானே சொன்னேன்: "நான் உங்கள் பிரிவில் வேலை பார்க்கும் பையன் இல்லை." அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலை ஜம்மலமடுகுவில் ஒரு தச்சரிடம் போய்ப் பலகை வாங்கி, மேடையின் விளிம்பில் மூன்று அங்குல உயரத் தடுப்பும், டம்ளர் உட்காரும் அளவுக்கு நான்கு வட்ட ஓட்டைகள் போட்ட தட்டும் செய்து பொருத்தினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. அந்தத் தட்டில்தான் இன்றும் டம்ளர் வைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை அவர் ஒரு பக்கம் நடப்பார், நான் ஒரு பக்கம் நடப்பேன். எங்கே போனாய் என்று கேட்கக் கூடாது. ஒரு நாள் எங்கே தங்குவது என்பது அவர் முடிவு, மறுநாள் என் முடிவு. சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் எங்களை ஆறு ஆண்டுகள் சேர்த்து வைத்திருப்பது சோலார் பேனலும் பேட்டரியும் அல்ல, இந்த இரண்டும்தான்.

சமையலைப் பற்றி அப்பாவிடம் இப்போதே பேசிவிடுங்கள். பல ஆண்கள் மனத்தில் இருக்கும் படம் இதுதான்: ஏரிக்கரையில் வண்டி நிற்கிறது, மனைவி சூடாகத் தோசை வார்க்கிறாள். முப்பது ஆண்டுகள் ஒரு சமையலறையில் நின்றவளுக்கு, அதைவிடச் சிறிய, அதைவிட வெப்பமான சமையலறையைச் சக்கரம் வைத்துக் கொடுப்பது ஓய்வு ஆகாது. எங்கள் வண்டியில் காலை உப்புமா அவர் வேலை, மதியம் வழியில் ஒரு மெஸ், இரவு மட்டும் என் கையால் தயிர்சாதமோ கஞ்சியோ. உள்ளே தாளிக்கக் கூடாது. கடுகும் எண்ணெயும் வெடித்த வாடை மெத்தையில் ஏறி ஒரு வாரம் போகாது. காசிமேட்டு மீனிலேயே வளர்ந்த நாக்கு எனக்கு; முதல் பயணத்தில் கருவாடு கொண்டுபோய், நெல்லூர் தாண்டுவதற்குள் வெளியே வீசினோம்.

இனி உடம்பு. இதில் நான் மழுப்ப மாட்டேன். வயதான பெண்களின் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கழிப்பறைதான், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வழியில் கழிப்பறை கிடைக்காதோ என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், அடக்கிக்கொள்கிறார்கள். சர்க்கரை உள்ள பெண்ணுக்கு இதனால் சிறுநீர்த் தொற்று வர நிறைய வாய்ப்பு உண்டு. வேளாங்கண்ணி, திருப்பதி போய்வந்த மறுவாரம் காய்ச்சலும் குளிரும் அடிவயிற்று வலியுமாக வார்டுக்கு வந்தவர்களை நான் எண்ணி முடியாது. ஆகவே வண்டிக்குள் கழிப்பறை இருந்தே ஆக வேண்டும், அதுவும் உட்காரும் வகை. முட்டி வலிக்காரரால் குந்த முடியாது. அடியில் இழுத்து எடுக்கும் தொட்டி உள்ள கேசட் கழிப்பறை போதும். 20 லிட்டர் தொட்டி இருவருக்கு இரண்டு, மூன்று நாள் வரும். நிரம்பியதைக் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும், பெட்ரோல் பங்க் ஆட்களிடம் கேட்டுவிட்டுக் கொட்ட வேண்டும். வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே தண்ணீரில் கீழே யாரோ குளிக்கிறார்கள். இந்தத் தொட்டியைத் தூக்குவதும் கழுவுவதும் அப்பாவின் வேலை என்று முதல் நாளே பேசிக்கொள்ளட்டும்.

முட்டிக்காக இன்னும் இரண்டு பாருங்கள். வண்டியின் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை அம்மாவை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் ஓர் உறுதியான கைப்பிடியும், வெளியே வைக்கும் மடிப்புப் படியும் இல்லாமல் வாங்காதீர்கள். படுக்கை நாற்காலி உயரத்தில் இருக்க வேண்டும், அவர் படுக்கும் பக்கம் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. இரவில் எழுந்து போகும்போது கணவரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் அம்மா எழவே மாட்டார், அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். தொடர்ந்து உட்கார்ந்தே இருந்தால் கால் வீக்கம் மட்டுமில்லை, காலின் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. மற்றபடி அவர் முட்டி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பதை, அதைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இன்சுலினில் உறுதியானது இது: திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும் மருந்து 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பெரும்பாலும் 28 நாள் தாங்கும்; சரியான கணக்கு அந்த மருந்தின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். வெயிலில் மூடி நிறுத்திய வேனுக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தொடக்கூடும், அங்கே மறந்து வைத்த இன்சுலின் வெறும் தண்ணீர்தான். சிறிய 12 வோல்ட் குளிர்பெட்டி இதற்கு அவசியம். அது பழுதானால், ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து அதற்குள் வைக்கலாம். காய்ந்த காற்றுள்ள உள்மாவட்டங்களில் நன்றாகக் குளிரும், கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவாகக் குளிராது.

ஓட்டப் போகிறவரின் சர்க்கரை இதைவிட முக்கியம். என் கணவர் மாத்திரை எடுப்பவர். ஒருமுறை நந்தியால் தாண்டி, இன்னும் பத்து கிலோமீட்டர், இன்னும் பத்து கிலோமீட்டர் என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். நான் கேட்டதற்குப் பதில் தாமதமாக வந்தது. பிடரியில் வேர்வை, சட்டைக் காலர் நனைந்திருந்தது. வண்டி மெல்ல இடது ஓரத்துக்குச் சாய்ந்தது. "நிறுத்துங்கள்" என்று கத்தினேன். விரலில் குத்திப் பார்த்தால் 54. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, சோறு ஊட்டி, எண்ணிக்கை சரியான பிறகும் முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. எண்ணிக்கை ஏறினாலும் மூளை தெளிய நேரம் பிடிக்கும். அதிலிருந்து சாவி கைக்குப் போகும் முன் சோதனை. 90க்குக் கீழே இருந்தால் முதலில் சாப்பாடு, பிறகுதான் பயணம். உங்கள் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தால், அம்மாவுக்கு அந்தக் கருவியைப் பயன்படுத்தவும், வண்டியை நிறுத்தச் சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்ளவும் பழக்குங்கள்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வேனை வாங்கி இருக்கையைப் பிடுங்கிப் படுக்கை போட்டால் ஆயிற்று என்று அப்பா நினைத்தால் தடுத்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை உறுதி செய்திருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீடு கையை விரிக்க இதுவே காரணமாகிவிடும். உள்ளே தங்கும் வசதியோடு கட்டிய வண்டிக்கு மோட்டார் கேரவன் என்று தனி வகையே இருக்கிறது, அதற்குத் தரமும் உண்டு. நாங்கள் கேரவனாகவே பதிவான பழைய வண்டியைத் தேடி வாங்கினோம்; அலமாரி, மெத்தை, தட்டு மட்டும் அவர் கைவேலை. ஓட்டுநர் உரிமமும் பாருங்கள், 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து ஆண்டுதான் செல்லும், மருத்துவச் சான்றும் வேண்டும்.

ஏசி போட்டுத் தூங்கலாம் என்ற கனவையும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ 1,200 வாட் மணி மின்சாரம். ஒரு டன் ஏசி ஆயிரம் வாட் அளவில் இழுக்கும். அதாவது ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. அதே பேட்டரியில் சிறிய மின்விசிறியும் விளக்கும் குளிர்பெட்டியும் இரவெல்லாம் ஓடும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 200 லிட்டர் தொட்டி என்றால் மூன்று ஆட்களைக் கூடுதலாக ஏற்றிய பாரம், மலையிறக்கத்தில் பிரேக்குக்கு அது தெரியும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே வாயு வெளியேறும் துளை தரை மட்டத்தில் இருக்க வேண்டும், இரவு ரெகுலேட்டரை மூடியே தீர வேண்டும். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதும், இன்ஜினை ஓடவிட்டபடி தூங்குவதும் உயிரைக் குடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. அதைக் கண்டறியும் அலாரத்தைத் தலைமாட்டில் மாட்டுங்கள்.

ஏசி இல்லை என்றால் மாதம்தான் ஏசி. ஏப்ரல் முதல் ஜூன் வரை சமவெளியில் வேனில் தூங்க முடியாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் ஊரில் மழை. வடசென்னைக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிற காலம் அல்ல அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது நாங்கள் ஹம்பியில் இருந்தோம். பக்கத்து வீட்டம்மா தொலைபேசியில் "முட்டி வரை தண்ணீர், உங்கள் குளிர்சாதனப் பெட்டி மிதக்கிறது" என்று சொன்னார். பிறகு இணைப்பே கிடைக்கவில்லை. துங்கபத்திரைக் கரையில் நல்ல வெயிலில் நின்றுகொண்டு வீட்டை நினைத்து நடுங்கினோம். இப்போது பயணங்களைப் பொங்கல் கழித்துத் தொடங்கி மார்ச் நடுவுக்குள் முடித்துவிடுகிறோம். நவம்பரில் ஊரிலேயே இருப்பதால் என் கணவரின் ரயில்வே ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்றும் அலைச்சலில்லாமல் முடிகிறது.

வீட்டை வாடகைக்கு விடுவதைத்தான் நான் உறுதியாக எதிர்க்கிறேன். காரணம் பணம் இல்லை. நாங்கள் பாதாமியில் இருந்தபோது விடியற்காலை என் அக்கா போய்விட்டாள். எனக்கு இரண்டு தெரு தள்ளி நாற்பது ஆண்டுகள் இருந்தவள். வேனை ஒரு தங்கும் விடுதி முற்றத்தில் விட்டுவிட்டு, பஸ்ஸில் பெங்களூரு, அங்கிருந்து ரயில். நாங்கள் தெரு முனையில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது எல்லோரும் மூலக்கொத்தளம் சுடுகாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள், தலை ஈரத்தோடு. முகம் பார்க்கவில்லை. இதற்கு வைத்தியம் கிடையாது. தூரம் போகிறவர்கள் இதைத் தெரிந்தே போக வேண்டும். அன்று அழுதுவிட்டுப் படுக்க எனக்கு என் வீடு இருந்தது. வாடகைக்கு விட்டிருந்தால் எங்கே போயிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பிறகு ஏன் போகிறீர்கள் என்று கேட்பீர்கள். போன ஜனவரியில் ஒரு காலை. மாதவரம், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா என்று நம் ஊரிலிருந்து நேரே வடக்கே போகும் சாலைதான். சூளூர்ப்பேட்டையில் வலப்புறம் திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா சாலை பழவேற்காடு ஏரியின் நடுவே போகிறது. நூறு கிலோமீட்டருக்குள், அவ்வளவுதான். ஆறு மணிக்கு ஓரமாக நிறுத்தினோம். பனி விலக விலக, முழங்கால் தண்ணீரில் பூநாரைகள், நூற்றுக்கணக்கில், தலையைக் கவிழ்த்துச் சேற்றை அரித்துத் தின்றுகொண்டிருந்தன. தூரத்தில் ஒரு மீனவர் வலையைத் தோளில் போட்டு நடந்து போனார். பறவைகள் அவருக்கு வழிவிட்டு மறுபடி கூடின. என் கணவர் அடுப்பைப் பற்றவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "நான் வேலை செய்த பெட்டிகள் எல்லா ஊரையும் பார்த்துவிட்டன, நான்தான் பார்க்கவில்லை" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. 31 ஆண்டுகளில் எத்தனையோ விடியல்களை வார்டு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், கடமை மாற்றும் அவசரத்தில். அன்று எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அப்பா இல்லாத நேரத்தில் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். "போகலாமா வேண்டாமா" என்று கேட்காதீர்கள். "அப்பா ஆசைப்பட்டால் சரி" என்றுதான் பதில் வரும். எந்த ஊரைப் பார்க்க வேண்டும், எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது, அங்கேயும் பெங்களூரிலும் வாடகை வண்டிகள் கிடைக்கின்றன. ரயிலில் போய் நான்கு இரவு தங்கிவரட்டும். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், இருட்டும் முன் நிறுத்திவிட வேண்டும். நான்காம் நாள் காலையில் அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார், தண்ணீர் எவ்வளவு குடித்தார், கால் வீங்கியதா, வாய்விட்டுச் சிரித்தாரா என்று கவனித்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த அளவு வண்டி, படுக்கை எந்தப் பக்கம் என்பதை என் கணவரையும் உட்கார வைத்துக்கொண்டு விவரமாகப் பதில் எழுதுகிறேன்.